மாறி நின்ற முகம்

ஆறடிதான் இருக்கும், அளந்தால் அதற்கும் குறைவு. அந்த ஆறடிக்குள் இரண்டு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் டிஸ்க் போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டின் ஒன்று. டின்னுக்கு இந்தப் பக்கம் வீரம்மா, அந்தப் பக்கம் அவள் கூடப்பிறந்த அண்ணன் பத்துமலை. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி நாலு வருடம் ஆகிறது.

“ராக்காயிக்கா, ஏழாம் நம்பர் டிஸ்க்க டின்னுல வச்சுட்டேன்னு சொல்லுங்க,” என்பாள் வீரம்மா.

டீ தட்டோடு நடுவில் நிற்கும் ராக்காயி கழுத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்புவாள். “தம்பி, ஏழாம் நம்பர டின்னுல வச்சிருக்காளாம்.”

“பாத்துட்டேன்னு சொல்லுங்கக்கா.”

“பாத்துட்டாராம்.”

இப்படி ஒரு கூத்து. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் ராக்காயி வாய் வழியாக வந்தால்தான் உள்ளே ஏறும். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று ஊரே சொல்லும். வீம்பு என்று வந்துவிட்டால் படிப்பாவது மண்ணாவது!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு நவம்பர் அது. மலேசியாவின் ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் முத்தப்பன் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். தாத்தா காலத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து வந்து வேரூன்றிய குடும்பம். அவருக்கு மட்டும் எப்படியோ இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஈய விலை சரிந்து லகாட்டில் ஒரு சுரங்கக் கம்பெனியை இழுத்து மூடியபோது, அங்கே நிலம் அளந்து வரைபடம் போடும் ஆபீசில் கிடந்த பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் அள்ளிக்கொண்டு வந்தார். அந்த மெஷின்களின் குணம் தெரிந்த ஒரே ஆள் அதே ஆபீசில் வேலை பார்த்த பத்துமலை. ஆகவே மெஷின்களோடு அவனும் மாடியேறி வந்தான். வந்து பார்த்தால், எதிர் மேசையில் தங்கச்சி.

திரும்பிப் போய்விடுவான் என்றுதான் வீரம்மா நினைத்தாள். அவன் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்தான். வீரம்மாவுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அந்த மெஷினுக்குள் இருந்த பிராசசர் ஒரு தனிப்பிறவி. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. உலகத்தில் எவனும் அதற்கென்று எதையும் எழுதுவதும் இல்லை. திறந்தால் கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான். முத்தப்பன் எங்கெங்கோ கடிதம் எழுதி, வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒன்றிலிருந்து எட்டு டிஸ்க் வரவழைத்தார். அதற்குள் இருந்தது வேறோர் உலகம். திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும், ஒன்றின் மேல் ஒன்று சாயும். சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். மவுஸை நகர்த்தினால் ஓர் அம்பு மீன்குஞ்சு மாதிரி நீந்திப் போய் அவற்றைத் தொடும். எல்லாம் சரி, ஆனால் அது வேறு பிராசசருக்காக எழுதியது. இதில் போட்டால் மூச்சே விடாது.

“இத அதுல ஓட வைக்கணும். டிசம்பர் பதினெட்டாம் தேதி, பள்ளிக்கூடத்துக்கு வாங்கலாமான்னு வாத்தியார்மாரெல்லாம் பாக்க வாராங்க,” என்றார் முத்தப்பன். வேலையை அவரே பிரித்தும் கொடுத்தார். திரையில் புள்ளிகளைக் கொண்டுபோய் வைக்கும் அடிப்பாதி பத்துமலைக்கு. ஜன்னல், படம், எழுத்து என்று மேல்பாதி வீரம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு டிஸ்க்கை டின்னில் போட வேண்டியது. திங்கட்கிழமை இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டியது.

வீரம்மாவுக்கு டிசம்பர் பதினெட்டு பெரிதில்லை. அவள் மனசெல்லாம் டிசம்பர் இருபத்தேழில் கிடந்தது.

அவளுடைய மகள் செல்லாயிக்கு ஆறு வயது. வைத்தது செத்துப்போன தன் அம்மாவின் பெயர். ஜனவரியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு இன்னும் காது குத்தவில்லை. குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும். தோட்டையும் தாய்மாமன்தான் கொண்டு வரணும். அவன்தான் பேசுவதே இல்லையே! அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளித் தள்ளி, அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“சித்தியவான்ல ஒன்னுவிட்ட அண்ணன் கார்த்திகேசு இருக்காருல்ல, அவரு மடியில உக்கார வச்சா ஆகாதா?” என்றான் அவள் புருஷன் ஜெயபாலன்.

“கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். இன்னொருத்தரு மடி எதுக்கு?”

“அப்ப அவருகிட்ட கேளேன்.”

கேட்பதா? டிஸ்க்கை டின்னில் வைத்ததைச் சொல்ல ராக்காயி போதும். இதையுமா ராக்காயி வாயால் கேட்பது? ஜெயபாலன் இருபத்தேழாம் தேதி என்று குறித்துவிட்டான், கோயிலிலும் சொல்லிவிட்டான். மடிதான் இன்னும் முடிவாகவில்லை.

சண்டை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தை எண்பத்து மூன்றில் விற்றுவிட்டார்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்துபோன அவர்களுடைய அப்பா சன்னாசி, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை ஒரு மாதத்துக்குள் காலி செய்தாக வேண்டும். பத்துமலை அப்போது லகாட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். வீரம்மா யோசிக்கவே இல்லை. லாரி பிடித்தாள், அப்பாவையும் அவர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு குனோங் ராபாட்டில் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை பத்துமலை போய்ப் பார்த்தால் பூட்டின வீடு. “மக கூட்டிட்டுப் போயிட்டாளாம். மகன்கிட்ட எடமில்லையாமே,” என்று லயத்தில் நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கென்று அவன் புதுக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தான் என்பது வீரம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனிடம் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லையே தனக்கு!

ஆனால் அவன் அப்பாவைப் பார்க்காமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் நேரம் பார்த்து வருவான், அவள் திரும்புவதற்குள் போய்விடுவான். காப்பி குடித்த கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பான். ஈரம் காயாத அந்தக் கிளாசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள் வீரம்மா.

“மாமா என் காதத் தொட்டுப் பாத்தாங்கம்மா,” என்றது செல்லாயி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒன்னுமே சொல்லல.”

மழைக்காலம். மதியம் இரண்டு மணி ஆனால் சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாக மறையும். பிறகு எதிர்ச் சாரிக் கடைகள். பிறகு ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. மாடிக்குள் மெஷின் காற்றாடியின் முணுமுணுப்பு மட்டும். அந்த நேரத்தில் வீரம்மாவுக்கு அரைத் தூக்கம் கண்ணைச் சுற்றும். திரையில் அம்பு தானாக அலைவது போலவும், ஒரு ஜன்னலைத் திறந்தால் உள்ளே இன்னொரு ஜன்னல், அதற்குள் பால்மரங்கள் நெரை நெரையாக நிற்பது போலவும் தோன்றும். கடைசி ஜன்னலுக்குள் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால், எதிர் மேசையில் பத்துமலை.

அப்படி ஒரு மதியத்தில்தான் அவள் செல்லாயி முகத்தை வரைந்தாள். படம் சரியாக வருகிறதா என்று சோதிக்க ஏதாவது ஒன்று வேண்டுமே. அறுபத்து நாலு புள்ளி அகலம், அறுபத்து நாலு புள்ளி உயரம். மவுஸைப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். இரட்டைச் சடை, பெரிய கண், அப்பாவுடைய மூக்கு. காது இரண்டும் மொட்டையாகத்தான் இருந்தன. இல்லாத தோட்டை வரைய மனசு வரவில்லை. வரைந்து முடித்து டின்னிலும் ஒரு பிரதி போட்டாள். அவனுக்கும் சோதிக்கப் படம் வேண்டும் என்று சாக்கு.

ஓட்டிப் பார்த்தால், அலாமாக்! இரண்டு கண்ணும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டன. மூக்கு இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் போயிற்று. காது தலையை விட்டுத் தள்ளிப் போய்த் தனியாக நின்றது. பெற்ற பிள்ளையின் முகத்தை இப்படிப் பார்க்க யாருக்குத்தான் தாங்கும்?

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. எட்டுப் புள்ளி ஒரு கட்டு, இரண்டு கட்டு ஒரு ஜோடி. அந்த எட்டு டிஸ்க்குக்குரிய பிராசசர் ஜோடியில் எதை முன்னால் நிறுத்துமோ, இந்தத் தனிப்பிறவி அதைப் பின்னால் நிறுத்துகிறது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்ட கதைதான். படத்தைப் படிக்கும் இடத்தில் நாலு வரி எழுதி, ஒவ்வொரு ஜோடியையும் மாற்றி நிறுத்தினாள். அவன் போன வாரம் கொடுத்த அடிப்பாதியோடு சேர்த்து ஓட்டினாள். செல்லாயி நேராகப் பார்த்துச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை அந்த டிஸ்க்கை டின்னில் போட்டுவிட்டு, லேசான மனசோடு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை இரண்டு பாதியையும் சேர்த்து ஓட்டினார்கள். பிளந்த மூக்கு அப்படியே இருந்தது.

“எங்கிட்ட சரியா வந்துச்சுன்னு சொல்லுங்கக்கா,” என்றாள் வீரம்மா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“எங்கிட்டயும்தான் சரியா வந்துச்சு,” என்றான் பத்துமலை, ராக்காயியைப் பார்த்து.

“ரெண்டு பேருகிட்டயும் சரியா வந்துச்சாம். அப்பறம் இது யாரு மூஞ்சி?” என்றாள் ராக்காயி.

முத்தப்பன் வந்து பார்த்தார். “இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு, வீரம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சாயங்கால பஸ்ஸில் வீரம்மா கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மழை. குனோங் ராபாட் மலைகள் ஈரத்தில் கரைந்து, ஜோடி ஜோடியாக இடம் மாறி நின்றன. லயத்து வீட்டு வாசல் தெரிந்தது. வாசலில் அப்பாவின் செருப்பு இடம் வலம் மாறிக் கிடக்கிறது. சின்னப் பெண்ணாக அவள் குனிந்து சரியாக வைத்துவிட்டு உள்ளே போகிறாள். பின்னாலேயே அண்ணன் வருகிறான், அவனும் குனிகிறான், அவனும் மாற்றி வைக்கிறான். அப்பா வெளியே வந்து காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, “யார்ரா இது?” என்று சிரிக்கிறார்.

திடுக்கிட்டு விழித்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது.

மறுநாள் பத்துமலை சாப்பிடப் போன நேரம், அவன் எழுதியதைப் பிரிண்டரில் அடித்துப் பிரித்துப் பார்த்தாள். நினைத்தது சரி. புள்ளியைத் திரையில் வைக்கும் இடத்தில் அவனும் நாலு வரி எழுதியிருந்தான், அதே மாற்றல். அவள் ஒருமுறை மாற்றுகிறாள், அவன் இன்னொரு முறை மாற்றுகிறான், கடைசியில் பழைய கோலம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும்! வீரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இதை எப்படிச் சொல்வது? “நீயும் மாத்தியிருக்க” என்று ராக்காயி வாயால் போனால், குற்றம் சொன்ன மாதிரிதான் விழும். ஒருதரம் அவனை ஒன்றுக்கும் ஆகாதவனாக ஊர் முன்னால் நிறுத்தியது போதும். அவன் எழுதியதே இருக்கட்டும் என்று தன் நாலு வரியையும் அழித்தாள். அவனுடைய பாதியோடு சேர்த்து, தன்னிடமிருந்த படத்தை ஓட்டினாள். முகம் நேராக வந்தது. அந்த வெள்ளிக்கிழமை டிஸ்க்கை டின்னில் வைத்தாள்.

திங்கட்கிழமை, டிசம்பர் பதினாலு. ராக்காயி டீயோடு வந்து நின்றாள். பத்துமலை தன் டிஸ்க்கைப் போட்டான், வீரம்மாவுடையதைப் போட்டான், டின்னிலிருந்த படத்தைப் போட்டான். மெஷின் கரகரத்தது. ஜன்னல் திறந்தது. உள்ளே ஒட்டின கண், பிளந்த மூக்கு, தள்ளி நிற்கும் காது.

பத்துமலை மறுபடி ஒருமுறை ஓட்டினான், அதே முகம்.

“என்னன்னு கேளுங்கக்கா,” என்றாள் வீரம்மா மெதுவாக.

ராக்காயி தட்டை டொப்பென்று வைத்தாள். “நான் கேக்க மாட்டேன். ரெண்டு பேரு வாயிலயும் என்ன கொழுக்கட்டையா இருக்கு? எனக்குப் புரியாதத நான் எத்தன நாளைக்குத் தூக்கிச் சொமக்கிறது? சுசாலா, பெரிய தொல்லை உங்களோட!” என்று சொல்லிவிட்டு, படி அதிர இறங்கிப் போய்விட்டாள்.

வீரம்மா டின்னுக்குள் பார்த்தாள். டிஸ்க்குக்கு அடியில் அவன் பிரிண்டரில் அடித்த தாள் மடித்துக் கிடந்தது. பிரித்தாள். அவனுடைய அந்த நாலு வரி மீதும் பென்சிலால் நேராகக் கோடு இழுத்திருந்தான். அவனும் அவள் எழுதியதைப் படித்திருக்கிறான். அவனும், தங்கச்சி எழுதியதே இருக்கட்டும் என்று தன்னுடையதை எடுத்துவிட்டிருக்கிறான். அதே வெள்ளிக்கிழமை. அதே மாதிரி, ஒரு வார்த்தை சொல்லாமல்.

இப்போது என்ன செய்வாள்? மறுபடியும் தன்னுடையதைப் போட்டால், அவனும் போட்டுவிடுவான். அவள் எடுத்தால் அவனும் எடுப்பான். இப்படியே பதினெட்டும் போகும், இருபத்தேழும் போகும், பிள்ளை மொட்டைக் காதோடு பள்ளிக்கூடம் போகும். நாலு வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்!

“அண்ணே,” என்றாள்.

பத்துமலை நிமிரவில்லை. ஆனால் மவுஸ் மேலிருந்த அவன் கை அசையாமல் நின்றது.

“அண்ணே, நீ ஒன்னும் செய்யாத. கைய வைக்காத. நான் மட்டும் திருப்பிப் போடுறேன்.” அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். “அப்பாவக் கூட்டிட்டு வந்தப்ப உன்னய ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கட்டிலு வாங்கிப் போட்டிருந்தியாமே. எனக்குத் தெரியாதுண்ணே. நான் கேக்கவே இல்ல. அது தப்புதான்.”

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். வெளியே ஒரு மலை மட்டும் வெள்ளையிலிருந்து பாதி வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

“அந்தக் கட்டில்ல இப்ப நான்தான் படுக்கிறேன்,” என்றான் கடைசியில். “அப்பா உங்கிட்ட நல்லாத்தான் இருக்காரு. எனக்குத் தெரியாதா? வாராவாரம் பாக்கறேன். சொல்லாமக் கூட்டிட்டுப் போயிட்டியேன்னுதான்... சரி, விடு. போடு உன்னோடத. நான் கைய வைக்கல.”

வீரம்மா நாலு வரியையும் திரும்ப எழுதினாள். கண் கலங்கி மூன்று தரம் தப்பாக அடித்தாள். அவன் கைகட்டிக்கொண்டு, சொன்ன சொல் மாறாமல், பக்கத்தில் வந்து நின்றான். அந்த ஆறடி தூரத்தை இதுவரை அவன் கடந்து வந்ததே இல்லை. தேங்காய் எண்ணெயும் மழையும் கலந்த வாசனை அவனிடமிருந்து வந்தது. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் போகும்போது வந்த அதே வாசனை.

மெஷின் கரகரத்தது. ஜன்னல் திறந்தது. வரி வரியாக மேலிருந்து கீழே செல்லாயி வந்தாள். சடை, நெற்றி, கண், மூக்கு, எல்லாம் அதனதன் இடத்தில். வீரம்மா மூச்சை விட்டாள். பிறகு குனிந்து, கண்ணைச் சுருக்கித் திரையைத் தொட்டாள்.

“இன்னும் ஏதோ தப்பு இருக்குண்ணே. இங்க பாரு, காது கீழ குப்ப மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் நாலு நாலு புள்ளி. நான் வரஞ்சப்ப இது இல்ல.”

“தப்பு இல்ல.”

“இல்லண்ணே, நல்லாத் தெரியுமே, நான் வைக்கல.”

“நீ வைக்கல. நான் வச்சேன்.” பத்துமலை தலையைக் குனிந்துகொண்டான். “போன வாரம், டின்னுல இருந்த படத்துல. தோடு அது. தாய்மாமன்தான போடணும்?”

முகம் கலைந்து கிடந்த அலங்கோலத்தில் அந்தப் புள்ளிகள் யார் கண்ணில் படும்? அவள் பார்ப்பாள் என்று வைத்துவிட்டு, இத்தனை நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். வீரம்மா திரையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல், ஆறிப்போன டீயை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

அழுகைச் சத்தம் கேட்டு ராக்காயி படியேறி ஓடி வந்தாள்.

“இருபத்தேழாம் தேதி எத்தன மணிக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தான் பத்துமலை.

ராக்காயி பழக்க தோஷத்தில் நடுவில் வந்து நின்று, வீரம்மா பக்கம் கழுத்தைத் திருப்பினாள். “எத்தன மணிக்குன்னு கேக்குதும்மா தம்பி.”

“காலையில எட்டரைக்குண்ணே,” என்றாள் வீரம்மா, ராக்காயியின் தோளுக்கு மேலாக. “சீக்கிரம் வந்துரு.”